குழி ஒட்டும் முறைகளை ஒப்பிட ஒரு கூட்டுச் சோதனை: எப்படித் திட்டமிடுவது?

சிவில் லேப்:

எங்கள் பாலிடெக்னிக்கின் சிவில் துறையும் ஊர் நகராட்சியின் பொறியியல் பிரிவும் சேர்ந்து ஒரு சின்ன ஆய்வு செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பேருந்து ஓடும் தார்ச்சாலை, சுமார் 2 கி.மீ., எண்ணிப் பார்த்ததில் 40 குழிகள். கலவை, ரோலர், ஆள் எல்லாம் நகராட்சி தரும். அளப்பதும் பதிவு செய்வதும் மாணவர்கள் வேலை. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் ஒட்டி முடித்து, எது நிற்கிறது, எது பெயர்கிறது என்று பார்க்க வேண்டும்.

நான்கு முறைகள் மனதில் இருக்கின்றன: குழியின் ஓரத்தைச் சதுரமாக வெட்டி ஹாட் மிக்ஸ் (சூடாகப் போடும் தார்க் கலவை), வெட்டாமல் ஹாட் மிக்ஸ், பையில் வரும் கோல்டு மிக்ஸ் (சூடாக்காமல் போடும் கலவை), பிளாஸ்டிக் கலந்த ஹாட் மிக்ஸ். முறைக்குப் பத்துக் குழி. முதல் அரை கிலோமீட்டருக்கு ஒரு முறை, அடுத்த அரைக்கு இன்னொன்று என்று பிரித்தால் போதுமா? எவற்றையெல்லாம் குறித்து வைக்க வேண்டும்?

ஜல்லி கிரேடிங்:

அரை கிலோமீட்டர் கணக்கில் பிரிக்கவே வேண்டாம். ஒரு பக்கம் சாக்கடை அடைத்துத் தண்ணீர் தேங்கும், இன்னொரு பக்கம் மேடாக இருக்கும். மழை முடிந்ததும் உங்கள் கையில் இருப்பது மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசம்தான், முறைகளுக்கு உள்ள வித்தியாசம் அல்ல.

அருகருகே உள்ள குழிகளை ஜோடி சேருங்கள். ஆழம், சக்கரத் தடத்தில் இருக்கிறதா இல்லையா, தண்ணீர் நிற்குமா, இந்த மூன்றும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். ஜோடியில் எதற்கு எந்த முறை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். அன்றைய வேலை வரிசையையும் அப்படியே குலுக்கிப் போடுங்கள். இதில்தான் நிறைய சோதனைகள் கெட்டுப்போகின்றன. வி.ஜி.-30 என்ற தர வகைத் தாரில் செய்த கலவையை விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி செல்சியஸ், உருட்டும்போது குறைந்தது 90 இருக்க வேண்டும் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு. திறந்த டிப்பரில் கிடக்கும் கலவை மதியத்துக்குள் அந்த வரம்புக்குக் கீழே போய்விடும். காலையில் எல்லாம் வெட்டி ஒட்டி, மதியம் எல்லாம் வெட்டாமல் ஒட்டினால், வெட்டாத முறை தோற்றதாகத் தெரியும். தோற்றது ஆறிப்போன கலவை.

நான்கு முறைக்கு 40 குழி போதாது, இரண்டோடு நிறுத்துங்கள். பிளாஸ்டிக்கை இந்த முறை விட்டுவிடலாம். தார் எடையில் 6 முதல் 8 சதவீதம் பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் பூச வேண்டும், பி.வி.சி. கலக்கவே கூடாது. பத்துக் குழிக்கான முந்நூறு கிலோவுக்காகப் பிளாண்டில் தனி பேட்ச் ஓட்டுவது நடக்காத காரியம். ஒரே கலவையை வைத்துக்கொண்டு, வெட்டுவது, வெட்டாதது என்ற ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இருபது ஜோடி கிடைக்கும்.

இதற்கு நல்ல முன்மாதிரி அமெரிக்காவின் ஷ்ரப் (SHRP) என்ற சாலை ஆராய்ச்சித் திட்டம். 1987-இல் தொடங்கியது, 5 ஆண்டு, 15 கோடி டாலர். அதில் எச்-106 என்ற பகுதி, அமெரிக்காவிலும் கனடாவிலும் 8 இடங்களில் ஏறத்தாழ 1,250 ஒட்டுகளைப் போட்டுப் பார்த்தது. குழியில் கலவையைக் கொட்டி லாரிச் சக்கரத்தாலேயே 4 முதல் 8 தடவை ஏற்றி இறக்குவதும், தண்ணீரை அகற்றி ஓரம் வெட்டிச் சிறு ரோலரால் இறுக்குவதும், ஒரே கலவை என்றால் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே அளவு தாங்கின. ஆயுளைத் தீர்மானித்தது கலவையின் தரம்.

வார்டு பொறியாளர்:

அந்த முடிவை இங்கே அப்படியே தூக்கி வைக்கக் கூடாது சார். அங்கே போட்டது குளிர்காலக் குழிக்கான கோல்டு மிக்ஸ், அடியில் உறுதியான தளம். நம்ம நகராட்சிச் சாலையில் தார் அடுக்கு பல இடத்தில் 3 முதல் 5 செ.மீ.தான். குழி அதைத் தாண்டி ஜல்லிக்குப் போயிருக்கும், ஜல்லிக்கு நடுவே சேறு. அதன் மேல் எந்தக் கலவையைக் கொட்டினாலும், சக்கரம் ஏறும்போது அடியில் இருக்கும் தண்ணீர் அழுத்தப்பட்டுத் தாரை ஜல்லியிலிருந்து உரித்துவிடும்.

அதனால் ஜோடி சேர்க்கும் முன்னாலேயே கடப்பாரையால் அடியைக் குத்திப் பாருங்கள். அடி தார் என்றால் ஒரு பட்டியல், ஈர ஜல்லி என்றால் இன்னொரு பட்டியல். இரண்டையும் கலக்காதீர்கள். ஈர ஜல்லிக் குழியைத் தோண்டி எடுத்து, புதுசாக வெட் மிக்ஸ் (தண்ணீர் சேர்த்த ஜல்லிக் கலவை) போட்டு இறுக்கி, அதன் மேல் பிரைம் கோட் என்ற நீர்த்த தார்ப் பூச்சு அடித்து 24 மணி நேரம் காயவிட வேண்டும். பஸ் ஓடும் சாலையில் அவ்வளவு நேரம் யாரும் விடமாட்டார்கள். அங்கே முழு ஆழத்துக்கும் தார்க் கலவையையே அடுக்கடுக்காகப் போடுவதுதான் நடைமுறை.

அளவையும் கணக்குப் போட்டு வையுங்கள். 60 செ.மீ. நீளம், 40 அகலம், 5 ஆழம் என்றால் 0.012 கன மீட்டர். இறுகிய கலவை கன மீட்டருக்குச் சுமார் 2,300 கிலோ என்று வைத்தால் 28 கிலோ. தளர்வாகப் போடும்போது கால் பங்கு உயர்த்திப் போட வேண்டும். இறுக்கிய பிறகு சாலை மட்டத்துக்கு மேலே 3 முதல் 6 மி.மீ. நிற்கட்டும். வண்டி ஓட ஓட இன்னும் கொஞ்சம் அமுங்கும். ஆழம் 7 செ.மீ. தாண்டினால் இரண்டு அடுக்கு. ஓரத்திலிருந்து நடுவுக்கு இறுக்குங்கள்.

டேக் கோட்டில், அதாவது கலவை ஒட்டுவதற்காகக் குழியில் பூசும் மெல்லிய தார்ப் பூச்சில்தான் கை தாராளமாகப் போகிறது. சதுர மீட்டருக்குக் கால் கிலோ எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) என்றால், அந்தக் குழிக்கு அடியும் நான்கு சுவரும் சேர்த்து 0.34 சதுர மீட்டர், அதாவது 85 கிராம். ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது. பக்கெட்டோடு ஊற்றினால் அடியில் குளம் கட்டி, வெயிலில் மேலே கசிந்து ஒட்டு வழுக்கும். பிரஷ்ஷால் சுவருக்கும் பூசி, பழுப்பு நிறம் முழுசாகக் கறுப்பாகும் வரை பொறுங்கள். பழுப்பாக இருக்கும்போதே கலவையைப் போட்டால் எமல்ஷனில் உள்ள தண்ணீர் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

சிவில் லேப்:

மிக்க நன்றி. இரண்டே முறை, இருபது ஜோடி என்று மாற்றிக்கொள்கிறோம். ஈர அடிக் குழிகள் தனிப் பட்டியல். இன்னும் இரண்டு சந்தேகம். எந்தெந்த நாளில் பார்க்க வேண்டும்? நடுவில் நகராட்சி சாலையின் ஒரு பகுதிக்குப் புதுத் தார் போட்டுவிட்டால் அந்தக் குழிகளை என்ன செய்வது?

மூன்று மீட்டர் மட்டம்:

மறுநாள், ஒரு வாரம், ஒரு மாதம், பிறகு ஒவ்வொரு கனமழை முடிந்த இரண்டு நாளுக்குள். "நன்றாக இருக்கிறது, மோசமாக இருக்கிறது" என்று எழுத வேண்டாம், இருவர் இரண்டு மாதிரி எழுதுவார்கள். நடுவில் அமுங்கல் எத்தனை மி.மீ. என்பதைக் குறுக்கே மட்டக்கோல் வைத்து ஆப்பால் அளக்கலாம். ஓரம் உடைந்தது மொத்தச் சுற்றளவில் எத்தனை செ.மீ., ஜல்லி உதிர்ந்த பரப்பு எவ்வளவு, கலவை தள்ளிக்கொண்டு மேடு கட்டியதா, தார் மேலே கசிந்ததா, ஒட்டு முழுசாகப் போய்விட்டதா என்று தனித்தனிக் கட்டமாகப் போடுங்கள். ஓரம் உடைவதும் நடு அமுங்குவதும் வெவ்வேறு நோய். முன்னது பெரும்பாலும் டேக் கோட் குறை அல்லது சுவரில் தளர்ந்த துண்டுகளை விட்டது. பின்னது இறுக்கம் போதாதது, அல்லது அடி இளகியது.

எது தோல்வி என்பதை முதல் ஒட்டு போடும் முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வையுங்கள். அமுங்கல் 25 மி.மீ. தாண்டினால், அல்லது கால் பங்குக் கலவை போனால் என்று உங்களுக்குப் பொருந்தும் வரம்பு எதுவானாலும் சரி, பிறகு மாற்றக் கூடாது.

புதுத் தாருக்கு அடியில் போன ஒட்டு தோற்றதும் அல்ல, வென்றதும் அல்ல. "இந்தத் தேதி வரை நின்றது, அதன் பிறகு பார்க்க முடியவில்லை" என்று எழுதுங்கள். ஆயுள் கணக்குப் போடும் புள்ளியியல் முறைகளில் அதற்கு இடம் உண்டு. அவற்றைப் பட்டியலிலிருந்தே அடித்துவிட்டால் சராசரி ஆயுள் தப்பாக வரும்.

ஜல்லி கிரேடிங்:

ஜோடி இரண்டும் சாலையின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். லோடு ஏற்றிப் போகும் பக்கமும் காலி வண்டி திரும்பும் பக்கமும் ஒன்றல்ல. இல்லினாய்ஸில் ஒட்டாவா ஊர் அருகே 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ (AASHO) என்ற சாலைச் சோதனையிலிருந்து வந்த கணக்குப்படி, அச்சுச் சுமை இரட்டித்தால் சாலைக்கு வரும் சேதம் சுமார் 16 மடங்கு.

குழி எண்ணைச் சாலை மேல் பெயின்டில் எழுதாதீர்கள், முதல் மழையோடு போய்விடும். மைல்கல், கல்வெர்ட் சுவர், மின்கம்பம் என்று அசையாத இரண்டு புள்ளிகளிலிருந்து டேப் பிடித்துத் தூரம் எழுதி வையுங்கள். ஒட்டு முழுசாகப் பெயர்ந்த பிறகும் எந்தக் குழி எது என்று கண்டுபிடிக்க அது ஒன்றுதான் வழி.