மறு: ‘பொயட்ரி ஸ்லாம்’: கவிக்களரி என்று சொல்லலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

கவிஞர்கள் மேடையில் கவிதை சொல்ல, கேட்க வந்தவர்களே மதிப்பெண் போடும் ‘பொயட்ரி ஸ்லாம்’ நிகழ்ச்சிக்குத் தமிழ்ப் பெயர் தேடும் இந்த இழையை முதல் மடலிலிருந்து இன்றுதான் ஒரே மூச்சில் படித்து முடித்தேன். இதுவரை ஏழு சொற்கள் வந்திருக்கின்றன: கவிதைப் போட்டி, கவிச்சமர், கவிப்போர், பாமோதல், கவியறை, கவிக்களம், அப்புறம் ‘ஸ்லாம்’ என்றே விட்டுவிடலாம் என்ற கருத்து. என் பங்குக்கு எட்டாவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: கவிக்களரி. காரணம் சொல்வதற்கு முன்னால் அந்த நிகழ்ச்சி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். சொல்லைப் பற்றிய வாதம் பாதிக்கு மேல் பொருளைப் பற்றிய வாதமாகவே இருப்பதால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

இதைத் தொடங்கியவர் மார்க் ஸ்மித். கட்டட வேலை செய்தவர், கவிஞர். 1986 ஜூலையில் சிகாகோவில் கிரீன் மில் என்ற ஜாஸ் மதுக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியாக ஆரம்பித்தார். கவிஞர் தாளைப் பார்த்துத் தனக்குத்தானே முணுமுணுக்க, வந்தவர்கள் மரியாதைக்கு உட்கார்ந்திருக்கும் வாசிப்புக் கூட்டங்கள் அவருக்கு அலுத்துப்போயிருந்தன. கேட்க வந்தவர்கள் கையிலேயே மதிப்பெண் அட்டையைக் கொடுத்தார். நான்கே ஆண்டில், 1990இல், அமெரிக்காவின் முதல் தேசியப் போட்டி சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அந்தத் தேசியப் போட்டிகளின் வழியாகத்தான் இன்று நமக்குத் தெரிந்த விதிகள் கெட்டிப்பட்டன.

விதிகள் இவை. கவிதை சொந்தக் கவிதையாக இருக்க வேண்டும். மூன்று நிமிடம். வேடம், இசைக்கருவி, கையில் எடுத்துக் காட்டும் பொருள் எதுவும் கூடாது. குரலும் உடம்பும் மட்டும். நடுவர்கள் ஐந்து பேர், அன்று வந்த கூட்டத்திலிருந்தே அந்த நேரத்தில் பிடிக்கப்பட்டவர்கள். கவிதை படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட அவர்களுக்கு இல்லை. போட்டியாளருக்கு வேண்டப்பட்டவராக மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் 0 முதல் 10 வரை, ஒரு தசம இடத்தோடு மதிப்பெண் எழுதி அட்டையை உயர்த்துவார்கள். மிக அதிகமானதையும் மிகக் குறைந்ததையும் நீக்கிவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டினால் வருவது அந்தக் கவிதையின் மதிப்பெண். ஆக உச்சம் 30.

நான் ஒருமுறை இப்படி ஒரு நிகழ்ச்சியில் நேரம் பார்க்கும் வேலையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெண் தன் பாட்டியின் கைகளைப் பற்றிய கவிதை ஒன்றைச் சொன்னார். அட்டைகள் எழுந்தன: 7.8, 8.4, 8.5, 9.1, 9.6. முதலும் கடைசியும் போக 26.0. கூட்டம் 7.8 காட்டிய நடுவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது. அதுவும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான்; நடுவரை ஏசும் உரிமை அங்கே எல்லோருக்கும் உண்டு. ஆனால் என் கடிகாரத்தில் 3 நிமிடம் 24 நொடி. மூன்று நிமிடத்துக்கு மேல் பத்து நொடி சலுகை. அதைத் தாண்டிவிட்டால் தொடங்கும் ஒவ்வொரு பத்து நொடிக்கும் அரை மதிப்பெண் வீதம் போய்விடும். 14 நொடி தாண்டியதற்கு ஒரு முழு மதிப்பெண் குறைத்து 25.0 என்று நான்தான் எழுதிக்கொடுத்தேன். கடைசி வரிக்கு முன்னால் அவர் ஒரு கணம் பேச்சற்று நின்றாரே, அந்த மௌனத்தின் விலை அது. அன்றிலிருந்து இந்த நிகழ்ச்சிக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் வேண்டும் என்று எனக்குள் ஒரு தவிப்பு.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெளிவாகிறது. ஒன்று, ஸ்லாம் என்பது கவிதை வகை அல்ல, நிகழ்ச்சி. குரலாலும் உடம்பாலும் நிகழ்த்துவதற்கென்றே எழுதும் கவிதைக்கு ‘நிகழ்த்துக் கவிதை’ என்று ஏற்கெனவே சொல்லிவருகிறோம், அது அப்படியே இருக்கட்டும். நமக்கு வேண்டியது நிகழ்ச்சியின் பெயர். இரண்டு, இதன் உயிர் போட்டியில் இல்லை. கூட்டமே நடுவராக உட்காருவதில் இருக்கிறது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பரிந்துரைகளைப் பார்க்கலாம்.

‘கவிதைப் போட்டி’ என்றதும் உறையில் போட்டு அனுப்புவதும், மூன்று பேராசிரியர்கள் படித்துப் பார்ப்பதும், ஒரு மாதம் கழித்து முடிவு வருவதும்தான் கண்ணில் தெரிகின்றன. ஸ்லாம் எதற்கு எதிராகப் பிறந்ததோ அதையே பெயராக வைத்ததுபோல் ஆகிவிடும்.

சமர், போர், மோதல் மூன்றுக்கும் ஒரே குறை. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாக்கிப் பாடுவதுபோல் தொனிக்கிறது. ராப் பாடகர்கள் எதிரெதிரே நின்று ஒருவரை ஒருவர் வாரிவிடுவார்களே, அதற்குக் ‘கவிச்சமர்’ அருமையாகப் பொருந்தும்; தயவுசெய்து அதற்கென்று எடுத்து வையுங்கள். ஸ்லாமில் யாரும் யாரையும் தாக்குவதில்லை. ஒருவர் இறங்கிய பிறகு அடுத்தவர் ஏறுகிறார், அவ்வளவுதான்.

‘கவியறை’யைக் கைவிட எனக்கு மனமே வரவில்லை. அறைதல் என்றால் ஓங்கி அடிப்பது. அறைதல் என்றால் சொல்வது. பறை அறைவதில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. ‘ஸ்லாம்’ என்ற ஆங்கிலச் சொல்லில் உள்ள ஓங்கி அடிப்பதையும் வாயால் சொல்வதையும் ஒரே சொல்லில் பிடித்த நண்பரைப் பாராட்டுகிறேன். ஆனால் சமையலறை, படுக்கையறை, வகுப்பறை என்று பழகிய கண்ணுக்குக் கவியறை என்றதும் நான்கு சுவரும் ஒரு கதவும்தான் வரும். ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய சொல் நிற்காது. மேலும், மார்க் ஸ்மித் ‘ஸ்லாம்’ என்ற சொல்லை எடுத்தது விளையாட்டிலிருந்து. பிரிட்ஜ் சீட்டாட்டத்திலும் பேஸ்பாலிலும் முழு வெற்றியைக் குறிக்கும் சொல் அது. கதவை அறைவதை நாம் மொழிபெயர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

‘ஸ்லாம்’ என்றே வைத்துக்கொள்ளலாம், ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஜெர்மன் மொழியில் இது அந்தப் பெயரோடேயே வேரூன்றி, 2016இல் அந்நாட்டின் பண்பாட்டு மரபுகளின் தேசியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனால் அவர்களும் கவிஞர்களின் போட்டி என்று பொருள்படும் சொந்தச் சொல் ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துப் புழங்குகிறார்கள். நம் சிக்கல் வேறு. தமிழில் மெய்யெழுத்தில் சொல் தொடங்காது. ‘ஸ்கூல்’ பலர் வாயில் ‘இஸ்கூல்’ ஆவதுபோல் இதற்கும் முன்னால் ஓர் இகரம் வந்து உட்காரும். அப்போது அது ஒரு சமயத்தின் பெயராகவே ஆகிவிடும். கோடிக்கணக்கானவர்கள் வணங்கிப் போற்றும் பெயரை மதிப்பெண் ஆட்டம் ஒன்றின் பெயரோடு குழப்பவிடக் கூடாது. எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மிச்சம் இருப்பது ‘கவிக்களம்’. இதுதான் சரியான திசை என்று நம்புகிறேன். தமிழில் களம் என்றால் போர் நடக்கும் இடம் மட்டுமல்ல, நெல் அடிக்கும் இடமும் அதுதான். தொல்காப்பியம் புறத்திணையியலில் வெற்றியைப் பாடும் வாகைத் திணையைச் சொல்லும்போது ஏரோர் களவழியையும் (உழவரின் நெற்களம்) தேரோர் களவழியையும் (வீரரின் போர்க்களம்) அடுத்தடுத்து வைக்கிறது. பொருநர் என்ற பழந்தமிழ்ப் பாடகர்களிலும் ஏர்க்களம் பாடுநர், போர்க்களம் பாடுநர் என்று உரையாசிரியர்கள் வகை பிரித்திருக்கிறார்கள். பாட்டும் களமும் அவ்வளவு பழைய கூட்டாளிகள். ஊர் கூடி நின்று பார்க்க, நெல்லும் பதரும் பிரியும் இடம் என்ற படிமம் இந்த நிகழ்ச்சிக்காகவே காத்திருந்ததுபோல் இருக்கிறது.

ஒரே தொல்லை, களம் தேய்ந்துவிட்டது. கருத்துக்களம், விவாதக் களம், தேர்தல் களம், கள நிலவரம், களப்பணி என்று எங்கும் களம். கவிக்களம் என்றால் பத்திரிகையில் வாசகர் கவிதை போடும் பக்கம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கலைச்சொல் என்றால் அதைக் கேட்டதும் ஒரே ஒரு பொருள் எழுந்து நிற்க வேண்டும்.

அதனால்தான் அதே குடும்பத்துக் களரிக்குப் போனேன். களரி என்றால் படைக்கலம் பழகும் இடம். கேரளத்தில் இன்றும் அந்தப் பொருளில் வாழ்கிறது. களரி என்றால் கூத்து ஆடும் இடமும்கூட. மட்டக்களப்புக் கூத்தில் வட்டக்களரி என்பார்கள். நடுவில் ஆட்டம், சுற்றிலும் பார்ப்பவர்கள். பயிற்சி, போட்டி, நிகழ்த்துதல், சுற்றி நிற்கும் கூட்டம் நான்கும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன. கவிக்களரி: ஆறெழுத்து, வாயில் தடங்கலில்லாமல் வருகிறது, வேறு எதற்கும் பயன்பட்டு நான் பார்த்ததில்லை.

மறுப்புகளும் எனக்குத் தெரிகின்றன. களரிக்குக் களர்நிலம் என்ற பொருளும் அகராதியில் உண்டு. விளையாத மண்ணைக் கவிதைக்குப் பெயராக வைப்பதா என்று கேட்கலாம். கூத்துக்காரர்களுக்கு அது ஒருநாளும் தொல்லையாக இருந்ததில்லை. ‘கவி’ வடசொல், ‘பா’ போடலாமே என்று சிலர் கேட்பீர்கள். நானும் எழுதிப் பார்த்தேன். பாக்களரி! ‘பாக்கள்’, ‘அரி’ என்று பிரிந்து, கவிதைகளை வெட்டச் சொல்வதுபோல் ஆகிவிட்டது. கவியே இருக்கட்டும்.

தலைச்சொல் ஒன்று மட்டும் போதாது. கூடவே வரும் சொற்களும் வேண்டும். சுற்று, நடத்துநர், நேரக்காப்பாளர் எல்லாம் கைவசம் இருப்பவை, அவற்றில் பேச ஒன்றுமில்லை. மூன்று இடங்களில் மட்டும் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

முதலாவது, போட்டி தொடங்கும் முன் ஒருவர் மேடையேறி ஒரு கவிதை சொல்வார். போட்டியில் அவர் கிடையாது. நடுவர்கள் தங்கள் அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்ள மட்டும் அவருக்கு மதிப்பெண் போடுவார்கள். ஆங்கிலத்தில் ‘பலி’ என்ற பொருளில் அவருக்குப் பெயர். இழையில் ‘பலிக்கவிஞர்’ என்று வந்திருந்ததைப் படித்து வருந்தினேன். மனமுவந்து வந்து பிறருக்காக அளவுகோலாக நிற்பவரை அப்படிச் சொல்ல வேண்டுமா? புதுத் தேர் செய்தால் திருவிழாவுக்கு முன்னால் ஒருமுறை இழுத்துப் பார்ப்போம், அதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். அவர் வெள்ளோட்டக் கவிஞர், அவர் சொல்வது வெள்ளோட்டக் கவிதை. இந்தச் சொல்லை நாம் ஆக்கவே வேண்டியதில்லை, எடுத்து வைத்தால் போதும்.

இரண்டாவது, இரவு ஏற ஏற மதிப்பெண்ணும் ஏறும். முதலில் ஏறியவருக்கு 8.2 கொடுத்த அதே நடுவர், அதே தரமுள்ள கவிதைக்குக் கடைசியில் 9.3 கொடுப்பார். இது எல்லோருக்கும் தெரிந்த குறை. அதனால்தான் முதலில் ஏறச் சீட்டு விழுந்தவர் முகம் வாடிவிடுகிறது. இதற்கு ‘மதிப்பெண் ஊர்வு’ என்று ஒரு நேர்மொழிபெயர்ப்பு வந்திருந்தது. பணவீக்கம் நம் வாயில் பழகிவிட்ட சொல்தானே? மதிப்பெண் வீக்கம் என்றால் விளக்கமே வேண்டாம்.

மூன்றாவது, நேரம் தாண்டினால் குறைப்பது. தண்டம் என்றால் வீண் என்றும் காதில் விழும், அபராதம் என்றால் பணம் கட்டச் சொல்வதுபோல் இருக்கிறது. சம்பளத்தில் பிடித்தம் என்று நாம் தினமும் சொல்கிறோம். நேரப் பிடித்தம் என்று வைக்கலாம்.

ஒரு சொல் நிற்குமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த வழி, அதை வைத்து ஓர் அறிவிப்பு எழுதிச் சத்தமாகப் படிப்பதுதான். ‘பேருந்து’ என்ற சொல் அப்படி நின்றது. ‘மகிழுந்து’ எழுத்தோடு சரி. படித்துப் பார்த்தேன்:

“கவிக்களரி மாலை 6 மணிக்கு வெள்ளோட்டக் கவிதையுடன் தொடங்கும். மூன்று சுற்றுகள். ஒரு கவிதைக்கு மூன்று நிமிடம், பத்து நொடி சலுகை. அதற்கு மேல் நேரப் பிடித்தம் உண்டு. நடுவர்கள் அவையிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுவார்கள்.”

இதில் எனக்கு உறுத்துவது ‘நடுவர்’ ஒன்றுதான். அந்தச் சொல்லோடு தேர்ச்சி, அனுபவம், நடுநிலை எல்லாம் ஒட்டிக்கொண்டு வருகின்றன. இவர்களோ அரை மணி நேரம் முன்பு வரை சும்மா கேட்க வந்தவர்கள். ‘அவைநடுவர்’ என்று எழுதினால் அந்த வித்தியாசம் தெரியுமா, அல்லது அவையை நடத்துகிறவர் என்று பொருள் மாறிவிடுமா? இதைவிட நல்ல சொல் உங்களுக்குத் தோன்றினால் எழுதுங்கள். மற்றவற்றை இப்படியே கலைச்சொல் பட்டியலில் ஏற்றலாம் என்பது என் கருத்து.