பங்குனி உத்திரத்துக்கு இரவோடு இரவாகக் காரில் வரத்தான் வேண்டுமா?

பாளையங்கோட்டை மருமகன்

வருகிற பங்குனி உத்திரத்துக்கு எங்கள் சொந்தத்தில் சென்னையிலிருந்து மூன்று கார்கள் வரப்போகின்றன. திட்டம் வழக்கமானதுதான். வேலை முடிந்து மாலை ஏழு மணிக்குத் தாம்பரத்தில் கிளம்புவது, விடியும் முன் நெல்லைப் பக்கத்து ஊர் சேர்வது, குளித்துவிட்டுக் குலதெய்வமான சாஸ்தா கோவிலில் பொங்கலிடுவது. காருக்கு ஒரே ஓட்டுநர். அவரும் அன்று காலை ஆறு மணிக்கு எழுந்து அலுவலகம் போய் வந்தவர். இது தப்பு என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது அபசகுனமாகப் பேசாதே என்று பெரியம்மா பதில் போட்டுவிட்டார். அதனால் இங்கே கேட்கிறேன். குடித்தவர் சாவியைக் கேட்டால் கொடுப்போமா? தூக்கம் கெட்டவரிடம் மட்டும் ஏன் குடும்பத்தையே ஒப்படைக்கிறோம்?

தாம்பரம் நெல்லையான்

தம்பி, நான் இரவில்தான் வருகிறேன், இனியும் வருவேன். பங்குனி வெயிலில் விருதுநகர், சாத்தூர்ப் பக்கம் பகலில் கைக்குழந்தையோடு வந்து பாரும், காரணம் விளங்கும். இரவில் பைக் குறுக்கே பாயாது, பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள், எத்தனை முறை நிறுத்தச் சொல்வார்கள் என்ற தொல்லை இல்லை. ரயிலில் வரலாமே என்பீர்கள். நெல்லை எக்ஸ்பிரஸுக்கு 60 நாளுக்கு முன்பு காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கிறது. நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் காத்திருப்போர் பட்டியல் வந்துவிடுகிறது. அப்படியே வந்து இறங்கினாலும் எங்கள் சாஸ்தா களக்காட்டுக்கு அப்பால் வயற்காட்டில் இருக்கிறார், அங்கே பஸ் கிடையாது. விபத்துக்குக் காரணம் இரவு இல்லை. போனை நோண்டிக்கொண்டே ஓட்டுகிறவர்கள்தான். நெல்லை ஈரடுக்கு மேம்பாலத்தில் பட்டப்பகலில் எத்தனை பேர் வேண்டும் என்று சொல்லுங்கள், காட்டுகிறேன்.

இரவுப்பணி செவிலியர்

அண்ணாச்சி, மருமகன் சொன்ன கணக்கையே போட்டுப் பார்ப்போம். காலை ஆறுக்கு எழுந்தவர் இரவு பதினொன்றுக்கு 17 மணி நேரம் விழித்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் 1997-இல் வெளியான ஆய்வு ஒன்றில், இவ்வளவு நேரம் விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் அளவுக்குத் தடுமாறின. நம் நாட்டுச் சட்டம் பொறுத்துக்கொள்ளும் எல்லையே 30 மில்லிகிராம்தான். திருச்சியை நெருங்கும்போதே அந்த எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன, போலீஸ்காரரிடம் தூக்கத்துக்கு ஊதிப் பார்க்கும் கருவி இல்லை.

கோவில்பட்டி, கயத்தாறு வரும்போது மணி மூன்று. அது உடம்பு தானாகவே ஓய்வுக்கு இறங்கும் வேளை. "இன்னும் ஒரு மணி நேரம்தானே" என்று எல்லாரும் தைரியமாவதும் அங்கேதான். 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 25 மீட்டர் போகிறது. நான்கு நொடி கண்ணயர்ந்தால் நூறு மீட்டர் வண்டி தானாக ஓடியிருக்கும். விழித்திருப்பவன் இடிப்பதற்கு முன்பு பிரேக்கையாவது மிதிப்பான். தூங்கியவன் அதே வேகத்தில் போய்ச் சேருவான். நான் இரவுப் பணி முடிந்தால் ஸ்கூட்டரை மருத்துவமனையிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறவள். என்னைக் கேலி செய்யாத ஆள் வார்டில் இல்லை.

பாவூர்சத்திரம் வேன்காரர்

நீங்கள் வருடத்துக்கு ஒரு இரவைப் பற்றி விவாதிக்கிறீர்கள். எங்களுக்குத் தினமும் பங்குனி உத்திரம்தான்.

சாயங்காலம் சந்தையில் கத்தரி, வெண்டை, முருங்கை ஏற்றினால் செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழியாக விடியும் முன் கொல்லம் பக்கம் இறக்கியாக வேண்டும். தாமதமானால் விலை விழுந்துவிட்டது என்பார்கள், வாடகையில் கை வைப்பார்கள். மோட்டார் தொழிலாளருக்கு நாளுக்கு எட்டு மணி நேர வேலை, ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் நடுவே அரை மணி ஓய்வு என்று 1961-லேயே சட்டம் எழுதினார்கள். ஆனால் அது ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனத்துக்கு எழுதியது. என் வண்டியில் முதலாளியும் நான்தான், தொழிலாளியும் நான்தான். யார் மேல் புகார் கொடுப்பது?

போன் விஷயம் இன்னொன்று. டேஷ்போர்டில் பிள்ளையாருக்குப் பக்கத்திலேயே ஸ்டாண்டு வைத்திருக்கிறேன். புளியரை எஸ் வளைவில் லோடோடு இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு ஏறும்போதுதான் வியாபாரிக்கு என் நினைவு வரும். எங்கே வருகிறாய் என்பார். எடுக்காவிட்டால் மறுபடி அடிப்பார். எடுத்துவிட்டால் லொகேஷன் அனுப்பு என்பார். அதை அனுப்ப என் கண் சாலையை விட்டுக் கீழே இறங்க வேண்டும். ஓட்டுநரைத் திட்டுகிற யாராவது அந்தப் பக்கம் கூப்பிடுகிறவரையும் ஒரு முறை திட்டியிருக்கிறீர்களா?

தாம்பரம் நெல்லையான்

வேன்கார அண்ணாச்சி சொல்வது நியாயம். ஆனால் எல்லாப் போனையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். நான் ப்ளூடூத்தில் மைத்துனரோடு பேசிக்கொண்டே வருவேன். பேச்சு ஓடினால் தூக்கம் அண்டாது. இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் விர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தார் லாரிகளுக்குள் கேமரா வைத்துப் பார்த்து 2009-இல் வெளியிட்டார்களே, அதில் குறுஞ்செய்தி தட்டுகிறவருக்கு ஆபத்து 23 மடங்கு. கையில் எடுக்காமல் வெறுமனே பேசியவர்களுக்கு ஆபத்து கூடவே இல்லை. செவிலியர் அம்மா ஆய்வு காட்டினால் நானும் காட்டுவேன்.

மூன்றடைப்பு வாத்தியார்

ஐயா, படித்திருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பாதியை மட்டும் எடுத்துவிட்டீர்கள். அந்த ஆய்வில் இருந்தவர்கள் லாரி ஓட்டுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள். பகலெல்லாம் கணினி பார்த்துவிட்டுக் கிளம்பிய நீங்கள் அந்தக் கணக்கில் சேர மாட்டீர்கள். யூட்டா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்ட்ரேயர் குழுவினர் ஓட்டும் பாவனைக் கருவியில் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்தார்கள். போனைக் கையில் பிடித்தவரும் பிடிக்காதவரும் ஒரே அளவு தாமதமாகத்தான் பிரேக் பிடித்தார்கள். கண் நேராகப் பார்த்த பொருளையே மனம் பதிவு செய்யவில்லை.

பக்கத்து இருக்கையில் மைத்துனர் உட்கார்ந்திருந்தால் லாரி தடம் மாறும்போது அவரே வாயை மூடிவிடுவார். போனில் இருப்பவருக்கு உங்கள் முன்னால் போகும் லாரி தெரியாது. இடப்பங்குத் தகராறை விலாவாரியாகச் சொல்லிக்கொண்டே இருப்பார். எங்கள் ஊரைப் பிளந்துகொண்டு போகிறது அந்த நான்குவழிச் சாலை. எதிரே வரும் வெளிச்சமும் இல்லை, திருப்பமும் இல்லை. தாலாட்டுவதற்கென்றே போட்டது போல இருக்கிறது. மைத்துனர் போனை வைத்த ஐந்தாவது நிமிடம் என்ன செய்வீர்கள்?

ஸ்ரீவைகுண்டத்துக்காரி

கார்க்காரர்கள் உங்களைப் பற்றியே பேசிக்கொள்கிறீர்கள். திருச்செந்தூருக்குப் பச்சை வேட்டி கட்டி, மாலை போட்டு, வெயிலுக்குப் பயந்து பக்தர்கள் இரவில்தான் நடக்கிறார்கள். செய்துங்கநல்லூரிலிருந்து குரும்பூர் வரை சாலையின் வெள்ளைக்கோடுதான் அவர்களுக்கு நடைபாதை. உங்கள் நான்கு நொடியில் எத்தனை பேர் வரிசையாக நடந்துகொண்டிருப்பார்கள் என்று யோசித்தீர்களா? உங்கள் தூக்கத்தின் ஆபத்தில் பங்கு வேண்டுமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

தாம்பரம் நெல்லையான்

அம்மா, இதற்கு என்னிடம் பதில் இல்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் நிறுத்தித் தூங்கு என்று சொல்வது சுலபம். எங்கே நிறுத்துவது? வண்டியில் நகை போட்ட பெண்கள், குழந்தைகள். இருட்டில் ஓரம் கட்டினால் திருடன் பயம், பின்னால் வரும் லாரி பயம். ஜன்னலைத் திறந்து வை, பாட்டுப் போடு, டீ குடி என்று சமாளிப்பதைத் தவிர வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

பாவூர்சத்திரம் வேன்காரர்

இருக்கிறது அண்ணாச்சி. சாலையோரம் மட்டும் நிறுத்தாதீர்கள்; நின்ற வண்டியின் பின்னால் போய்ச் சொருகுகிறவனும் தூங்கி வருகிறவன்தான். சுங்கச்சாவடியை ஒட்டி வெளிச்சமும் கழிப்பறையும் ஆள் நடமாட்டமும் இருக்கும். இல்லையென்றால் பெரிய பெட்ரோல் பங்க், ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓரமாகப் போடுங்கள். பாட்டும் காற்றும் முகத்தில் அடிக்கிற தண்ணீரும் எங்களுக்குத் தெரியாததா? பத்து நிமிடம் தாங்கும், அப்புறம் முன்னைவிட மோசமாக வரும். கொட்டாவி ஒரு பக்கம் இருக்கட்டும். கடைசியாகத் தாண்டிய ஊர் எது என்று நினைவு வரவில்லையென்றால் அந்த நிமிடமே வண்டியை ஒதுக்கிவிடுவேன். வியாபாரி கத்தட்டும்.

இரவுப்பணி செவிலியர்

டீ வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குடித்துவிட்டு உடனே ஸ்டியரிங்கைப் பிடிப்பதுதான் வீண். காபியோ டீயோ மூளைக்கு ஏற அரை மணி நேரம் ஆகும். நிறுத்திய இடத்தில் முதலில் குடியுங்கள், பிறகு அலாரம் வைத்து இருபது நிமிடம் சாய்ந்துகொள்ளுங்கள். எழுந்ததும் கிளம்பாதீர்கள், காரைச் சுற்றி நாலு நடை நடந்துவிட்டுக் கிளம்புங்கள். சளி மாத்திரை போட்டிருந்தால் இதுவும் உதவாது, வேறு ஆளிடம் சாவியைக் கொடுங்கள். நொச்சுப் பிடித்தவள் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

பாளையங்கோட்டை மருமகன்

எங்கள் பெரியம்மாவிடம் இன்று இப்படிக் கேட்கப்போகிறேன். திருச்சியில் அறை எடுத்து இரவு தங்கி, காலை நான்கு மணிக்குக் கிளம்பினால் உச்சிவேளைப் பூஜைக்குள் வந்துவிடலாம். பொங்கல் கொஞ்சம் தாமதமாகப் பொங்கினால் சாஸ்தா கோபித்துக்கொள்வாரா? மூன்று அறை வாடகையை, கோவிலுக்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடும் தலைக்கட்டு வரியோடு சேர்த்துப் பிரித்துக்கொள்ளலாம்.

தாம்பரம் நெல்லையான்

வரி விஷயத்தில் எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு கட்சி. அறை வாடகையும் சேர்த்தால் மூன்றாகும். பகலில் வெயிலில் வர நான் இன்னும் சம்மதிக்கவில்லை. வேண்டுமானால் ஒன்று செய்கிறேன், என் மகன் லைசென்ஸ் வாங்கிவிட்டான், மதியமே அவனைத் தூங்கச் சொல்லி மதுரையிலிருந்து அவனிடம் கொடுக்கிறேன். மைத்துனர் போனை எடுக்க மாட்டேன். அது போகட்டும், முன்பதிவு திறக்கும் அன்று காலை எட்டு மணிக்கு வேகமாகத் தட்டெழுதத் தெரிந்தவர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?