2020 கொரோனா காலத்தில் வெளியூரிலிருந்து சேலம் திரும்பியவர்களே, உங்கள் வீட்டில் சோதனை எப்படி நடந்தது?

கன்னங்குறிச்சியான்:
பொங்கலுக்கு வெள்ளையடிக்க வாசல் கதவைச் சுரண்டினேன். அந்தப் பழைய ஸ்டிக்கரின் ஒரு மூலை இன்னும் விடாமல் ஒட்டியிருக்கிறது, சாயமெல்லாம் போய் ‘தனிமைப்படுத்த’ என்பதோடு எழுத்து நிற்கிறது. அதைப் பார்த்ததிலிருந்து மனசு சரியில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

2020 ஜூனில் பெங்களூரிலிருந்து இ-பாஸ் (அப்போதைய பயண அனுமதி) எடுத்துக் காரில் வந்தேன். தொப்பூர் கணவாய் தாண்டியதும் நிறுத்தி, மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுத்தார்கள், பெயர், போன் நம்பர், எந்தத் தெரு என்று நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். மறுநாள் விடிந்ததும் கதவில் ஸ்டிக்கர். இரண்டு நாளில் நெகட்டிவ் என்று போன் வந்தது, ஆனாலும் 14 நாள் முடியாமல் எடுக்க மாட்டோம் என்றார்கள். பால்காரர் தெருமுனையோடு திரும்பிவிட்டார். எதிர்வீட்டு அத்தை, என்னைத் தூக்கி வளர்த்தவர், எங்கள் பக்கத்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தார். அம்மாவுக்குச் சர்க்கரை, இன்சுலின் தீரப் போகிறது, தினமும் வந்து பார்க்கிற சுகாதாரப் பணியாளரிடம் சொல்லலாம் என்றால் ஏழாம் நாளிலிருந்து மூன்று நாள் ஆளே வரவில்லை. நெகட்டிவ் வந்த பிறகும் ஏன் அப்படி அடைத்து வைத்தார்கள்? உங்கள் தெருவிலும் இப்படித்தானா?

தறிவீட்டுப் பையன்:
நான் துபாயிலிருந்து வந்தே பாரத் விமானத்தில், அதாவது வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு விட்ட விமானத்தில் வந்தவன், அதே ஜூன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அப்போது 7 நாள் அவர்கள் காட்டுகிற இடத்தில், அப்புறம் 7 நாள் வீட்டில். சென்னையில் சொந்தக் காசில் ஓர் அறையில் கிடந்தேன், வேலை போய்த் திரும்பியவனுக்கு அந்த வாடகை எவ்வளவு வலித்திருக்கும் என்று பாருங்கள். புறங்கையில் மையால் முத்திரை, எது வரைக்கும் வெளியே போகக் கூடாது என்ற தேதியோடு. அம்மாபேட்டையில் எங்களுடையது தறி வீடு, தறிக்கும் படுக்கைக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கத்தான் இடம், ஐந்து பேர் இருக்கிறோம். தனி அறை இருக்கிறதா, தனிக் கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்று உண்மையைச் சொன்னேன், உடனே வேனில் ஏற்றி முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா தெருவில் நின்று கையாட்டினார், பக்கத்தில் வர விடவில்லை. சோதனை தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒற்றை அறை வீட்டுக்காரன் எங்கே போவான் என்று யாராவது முன்கூட்டியே யோசித்திருக்கலாம்.

காப்பித்தோட்டம்:
ஏற்காட்டில் கதை வேறு. செப்டம்பர் 1-லிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்று ஆனபோதும் ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் வருவதற்கு மட்டும் அது இருந்தது, அதனால் அடிவாரத்தில் உள்ளூர்க்காரர்களான நாங்களே ஆதாரைக் காட்டித்தான் மேலே ஏறினோம்.

நான் சொல்ல வந்தது அதற்கு முன்பு நடந்தது. எங்கள் தோட்டத்துக்கு மேலே ஒரு மலைக்கிராமம், அங்கிருந்து குடகுக்குத் தோட்ட வேலைக்குப் போன ஒரு குடும்பம் பிள்ளைகளோடு திரும்பி வந்தது. ஊர்க்காரர்களே கூடிப் பேசிப் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள். வேளைக்கு ஒரு வீட்டுச் சமையல், துணி துவைக்கிற கல்மேல் தூக்குப்போசியை வைத்துக் குரல் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நிற்பார்கள். கிராம நர்ஸ் தினமும் பத்து மணிக்குப் போன் செய்வார், அங்கே டவர் எடுக்காது. அதனால் அந்த அண்ணன் பள்ளிக்குப் பின்னால் இருக்கிற பாறைமேல் ஏறி நின்று, “காய்ச்சல் இல்லீங்க, இருமல் இல்லீங்க, புள்ளைங்களும் நல்லா இருக்குதுங்க” என்று கத்துவார், கீழே காப்பிக் களத்தில் நிற்கிற எனக்கே கேட்கும். மழை நாளிலும் வழுக்கி வழுக்கி ஏறினார்.

நோட்டுக்காரி:
நான் அந்த நோட்டை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றவள், ஒப்பந்த வேலை. நெகட்டிவ் வந்த பிறகும் ஏன் அடைத்தார்கள் என்று கன்னங்குறிச்சித் தம்பி கேட்டதற்குச் சொல்கிறேன். கிருமி உடம்புக்குள் போன உடனே சோதனையில் தெரியாது. பெரும்பாலும் 5, 6 நாளில் அறிகுறி வரும், சிலருக்கு 14 நாள் வரைக்கும் இழுக்கும். எல்லையில் எடுத்த சோதனை அன்றைய நிலவரத்தைத்தான் சொல்லும், நாலு நாள் கழித்து வரப்போவதைச் சொல்லாது. இதை அன்றைக்கே உங்கள் வாசலில் நின்று விளக்கியிருக்கணும், எங்களுக்கு நேரமே இல்லை.

நெற்றியில் காட்டுகிற தெர்மாமீட்டர் வெயிலில் நின்றவருக்குக் கூடுதலாகக் காட்டும். அதனால் எல்லோரையும் திண்ணை நிழலில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பார்ப்பேன், அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அரிசி இருக்கா, மருந்து இருக்கா என்று கேட்க முடியும். ஸ்டிக்கர் ஒட்டுவது மட்டும் எனக்குக் கடைசி வரை பிடிக்கவில்லை. என் கழுத்தில் அட்டை தொங்குவதைப் பார்த்து நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரம்மாவே, பொதுக்குழாய்க்கு வராதே என்றார்.

மூன்று நாள் ஆள் வரவில்லை என்றீர்கள். எங்கள் குழுவில் ஒரே வாரத்தில் நாலு பேர் படுத்தோம், மாற்று ஆள் கிடைக்கவில்லை. உங்கள் பக்கமும் அப்படி இருந்திருக்கலாம்.

கன்னங்குறிச்சியான்:
அக்கா, பத்தாம் நாள் அவர் வந்தபோது படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். நான் இன்சுலினைச் சொல்லிக் கத்தினேன். பதில் பேசாமல் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார், மதியத்துக்குள் ஐஸ் கட்டி வைத்த டப்பாவோடு கொண்டுவந்து கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். அவரே படுத்து எழுந்து வந்திருப்பார் என்று இன்றைக்கு வரை எனக்குத் தோன்றவே இல்லை. அப்போது கன்னங்குறிச்சிப் பக்கம் வேலை பார்த்தவர் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? கொஞ்சம் குள்ளமாக இருப்பார், மூக்குத்தி போட்டிருப்பார், கையில் எப்போதும் ஒரு ஊதாக் குடை.