ஸா கட்டுவதற்கு முன்: எதை முதலில் முடிவு செய்வது?

வார்ஃப்ரேம் விளையாட்டில் ஸா என்பது ஸ்ட்ரைக் (அடிக்கும் தலைப்பகுதி), கிரிப் (கைப்பிடி), லிங்க் (இணைப்பு) என்ற மூன்று பாகங்களை நாமே தேர்ந்து கட்டும் கைச்சண்டை ஆயுதம். சீட்டஸ் ஊருக்குப் போய் அதைச் செய்துதரும் ஹாக் முன்னால் நிற்கும் புதியவர்கள் லிங்க்கைப் பார்த்துத்தான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். லிங்க் கடைசி வேலை. கையில் வரப்போவது என்ன ஆயுதம் என்பதை ஸ்ட்ரைக்கும் கிரிப்பும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. ஸெப்ஃபான் ஸ்ட்ரைக்கை பெயே, லாக்கா போன்ற ஒருகைக் கிரிப்பில் போட்டால் நிகானா (ஜப்பானிய பாணி வாள்). அதையே ஜயாப், ஷ்டுங் போன்ற இருகைக் கிரிப்பில் போட்டால் ஸ்டாஃப் (நீண்ட கோல்). ரப்வீ ஒரு கையில் மஷேட்டி, இரு கையில் சுத்தியல்.

வகை மாறினால் ஸ்டான்ஸ் மோடும் மாறும். மோட் என்பது ஆயுதத்தில் செருகும் மேம்பாட்டு அட்டை, ஸ்டான்ஸ் மோட் அடிக்கும் பாணியைத் தரும். நிகானாவுக்கான டிரான்குவில் கிளீவ் மட்டும் இருக்கும்போது ஸ்டாஃப் கட்டினால் அந்த மோடைச் செருகவே முடியாது. அதனால் முதலில் உங்களிடம் என்னென்ன ஸ்டான்ஸ் இருக்கின்றன என்று பாருங்கள்.

*

இதோடு பல்லா ஸ்ட்ரைக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருகைக் கிரிப்பில் அது டாகர் (குத்துவாள்). கோவர்ட் லீத்தாலிட்டி மோட் டாகரில் மட்டும்தான் ஏறும். அது இருந்தால் ஃபினிஷர் (தடுக்க முடியாமல் நிற்கும் எதிரிக்குக் கொடுக்கும் முடிப்பு) அடியே எதிரியை முடித்துவிடும். எக்ஸ்காலிபர் என்ற பாத்திரத்தின் ரேடியல் பிளைண்ட் திறனைப் போட்டுக் கண்ணைக் கட்டிவிட்டு ஃபினிஷருக்குப் போகும் ஆட்டத்துக்கு இது அருமையாகப் பொருந்தும். இந்த பில்டில் (மோட் சேர்க்கையில்) கிரிட் (பலமடங்கு அடி விழும் வாய்ப்பு), ஸ்டேட்டஸ் (தீ, விஷம் போன்ற பக்கவிளைவு வாய்ப்பு) எண்களுக்காக வருந்த வேண்டாம்.

*

நேரடியாக அடித்து ஆடுபவர்களுக்கு லிங்க் முக்கியம்தான். ஜய் லிங்க் வேகத்தைக் கூட்டி டேமேஜைக் குறைக்கும், ருஹாங் அதற்கு நேர்மாறு. லிங்க் பெயரின் முன்னால் வர்கீட் என்று வந்தால் கிரிட் ஏறி ஸ்டேட்டஸ் இறங்கும். எக்வானா என்றால் ஸ்டேட்டஸ் ஏறி கிரிட் இறங்கும்.

பிளட் ரஷ் (காம்போ ஏற ஏற கிரிட்டைக் கூட்டும் மோட்) போடுபவர்கள் வர்கீட்டையே எடுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. காம்போ (தொடர்ந்து அடிக்கும்போது ஏறும் பெருக்கி) 12 மடங்கு ஆகும்போது பிளட் ரஷ் தருவது +440 சதவீதம், ஆனால் அது ஆயுதத்தின் அடிப்படை கிரிட்டின் மேல்தான். அடிப்படை 10 சதவீதம் என்றால் 54-இல் நின்றுவிடும். 20 என்றால் 108, அதாவது ஒவ்வொரு அடியும் கிரிட். "கிரிட் மோட் எல்லாம் போட்டும் மஞ்சள் எண் (கிரிட் அடியின் எண்) சரியாக வரவில்லை" என்று கேட்பவர்களின் ஆயுதத்தைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் அங்கே எக்வானா இருக்கும். ஸ்டேட்டஸைக் கூட்டும் வீப்பிங் வூண்ட்ஸ் மோட் போட்ட பில்டுக்குத்தான் அது சரி.

*

கட்டி முடித்த ஸாவைப் பிரிக்க முடியாது. ஒரு லிங்க் தவறினாலும் மூன்று பாகமும் போச்சு, மறுபடி செய்ய வேண்டும். உறுதி செய்யும் பொத்தானை அழுத்துவதற்கு முன் திரையில் ஆயுத வகையையும் கிரிட் எண்ணையும் நிதானமாகப் படியுங்கள்.

லெவல் 30 ஆனதும் ஹாக்கிடமே கில்டிங் (ஸாவை மேம்படுத்தும் வேலை). லெவல் மறுபடி 0 ஆகும், பயப்பட வேண்டாம். கில்டிங் செய்து திரும்ப ஏற்றினால்தான் மாஸ்டரி (உங்கள் கணக்கின் தரப் புள்ளி) சேரும். மாஸ்டரி கணக்கில் வருவது ஸ்ட்ரைக் மட்டும், கிரிப்பை மாற்றி இன்னொன்று கட்டினால் கூடுதலாகக் கிடைக்காது. ரிவனும் (குறிப்பிட்ட ஆயுதத்துக்கென வரும் சிறப்பு மோட்) ஸ்ட்ரைக்கின் பெயரில்தான் வரும், ஆகவே ஸெப்ஃபான் ரிவன் நிகானாவிலும் ஏறும், ஸ்டாஃபிலும் ஏறும்.