புதுப்பிப்பு: 2 அடி தொட்டிக்கு மீன் தேர்வு, மதுரைத் தண்ணீருக்கு ஒரு திருத்தம்

இந்த இழையின் முதல் பதிவில், 2 அடி தொட்டிக்கு (24×12×12 அங்குலம், சுமார் 50 லிட்டர்) கப்பியும் நியான் டெட்ராவும் சேர்த்து விடலாம் என்று எழுதியிருந்தேன். டெட்ராவை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். மதுரையில் பல வீடுகளில் வருவது உப்புக் கூடின போர் தண்ணீர். நியான் டெட்ரா மென்னீர் (உப்புக் குறைந்த தண்ணீர்) மீன், 22–26 டிகிரிதான் அதற்குச் சுகம். சித்திரை, வைகாசியில் தொட்டி 30-ஐத் தாண்டிவிடும்.

கப்பிக்கும் பிளாட்டிக்கும் இந்த மாதிரி உப்புக் கூடின கடினநீர் நன்றாக ஒத்துக்கொள்ளும். 6 கப்பி, 3 பிளாட்டி போதும். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் வீதம் விடுங்கள். ஆண் கூடினால் ஓயாமல் துரத்தி, பெண்மீன் நலிந்து செத்துவிடும். குட்டி பெருக வேண்டாமென்றால் ஆண் மட்டும் வாங்குங்கள்.

கோல்டு ஃபிஷ் கேட்டவர்களுக்கு: வேண்டவே வேண்டாம். பெரிதாக வளரும், கழிவும் அதிகம்.

புதுத் தொட்டியில் மீன் சாவதற்குப் பெரும்பாலும், கழிவும் தீனியும் அழுகி உண்டாகும் அமோனியா என்ற நச்சுதான் காரணம். ஸ்பாஞ்ச் ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு, மீனில்லாமல் 4 முதல் 6 வாரம் விடுங்கள். அந்தத் தீனியிலிருந்து வரும் அமோனியாவை நச்சுக் குறைந்ததாக மாற்றும் பாக்டீரியா அந்த ஸ்பாஞ்சில்தான் குடியேறும். அதைக் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். குளோரின் பட்டால் பாக்டீரியா போய்விடும். வாரம் கால்பங்கு தண்ணீர் மாற்றும்போது, எடுத்த பழைய தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள்.