உளவடு அறிந்ததா, உளவடு கருதியதா?

ஐயாவுக்கு வணக்கம். சித்திரவதை போன்றவற்றால் மனக்காயம் பட்டவர்களை மனத்தில் வைத்துச் செய்யும் பல் மருத்துவத்தை ஆங்கிலத்தில் ‘trauma-informed dental care’ என்கிறார்கள். பல் மருத்துவராக நான் எழுதும் கையேட்டுக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் கேட்டிருந்தேன். நீங்கள் எழுதியது:

> ‘அதிர்ச்சி அறிந்த பல் பராமரிப்பு’ என்றே வைத்துவிடலாமே, எளிதாக இருக்கிறது.

எளிதுதான் ஐயா. ஆனால் இரண்டு சொல்லும் எனக்கு இடிக்கிறது.

‘அதிர்ச்சி’ வந்து போகிற ஒன்று. தங்கம் விலை ஏறினாலும் ‘மக்கள் அதிர்ச்சி’ என்றுதான் செய்தித்தாளில் போடுகிறார்கள். ‘மன உளைச்சல்’ நுகர்வோர் வழக்கில் இழப்பீடு கேட்கிற சொல்லாகிவிட்டது. சரி, ‘ட்ராமா’ என்றே விடலாம் என்றால் பல் மருத்துவத்தில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது. வண்டியிலிருந்து விழுந்து முன்பல் உடைந்தால் அது எங்களுக்கு ட்ராமா. சித்திரவதைக்கு ஆளானவரின் மனக்காயத்தையும் அதே சொல்லால் குறித்தால் உதவியாளர் பல்லைத்தான் பார்ப்பார்.

‘வடு’ பழைய காயத்தின் தழும்புதானே, ஆறிப்போனதுதானே என்று முன்பு கேட்டிருந்தீர்கள். 129ஆம் குறளைப் பாருங்கள். தீயால் சுட்டது புண், அது உள்ளே ஆறிவிடும். நாவால் சுட்டது வடு, அது ஆறாது. ஆறுவதால் ஒன்றைப் புண் என்றும், ஆறாததால் மற்றதை வடு என்றும் சொன்னதாகப் பரிமேலழகரும் பிரித்துக் காட்டுகிறார். அப்புறம், ஈழத்து உளமருத்துவத் தமிழில் ‘மனவடு’ ஏற்கெனவே புழங்குகிறது. வேலூர் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாம்களிலிருந்து எங்களிடம் வருகிறவர்களுக்கு அது புதுச்சொல் அல்ல. நாம் தேடுகிற சொல் முதலில் அவர்களுக்குப் புரிய வேண்டும். வெறும் ‘வடு’ என்றால் முகத்துத் தழும்பு என்று ஆகிவிடும், அதனால் ‘உளவடு’.

‘அறிந்த’ என்பதில்தான் எனக்குப் பெரிய தயக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையில் பயிற்சியில் இருந்தபோது முகாமிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். கடைவாய்ப் பல் சொத்தை. நாற்காலியை முழுக்கச் சாய்த்து, விளக்கை முகத்துக்கு நேரே இழுத்து, டிரில்லிலிருந்து தண்ணீர் தொண்டைக்கு இறங்கியதும் அவர் என் கையைத் தட்டிவிட்டு எழுந்து சுவரோரம் போய் நின்றார். உடம்பெல்லாம் வியர்வை. மூத்த மருத்துவர் ஒருவர் வந்து, “என்ன நடந்தது, எங்கே அடித்தார்கள், எல்லாவற்றையும் சொன்னால்தான் வைத்தியம் பார்க்க முடியும்” என்று வற்புறுத்தினார். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரவும் இல்லை. அன்று நான் வாய் திறக்காமல் நின்றது இன்றும் உறுத்துகிறது.

சித்திரவதையை ஆவணப்படுத்த ஐ.நா. ஏற்ற இஸ்தான்புல் நெறிமுறை பல்லைத் தனியாகவே குறிப்பிடுகிறது. பல்லை உடைப்பது, பிடுங்குவது, பல்லில் மின்சாரம் பாய்ச்சுவது. ஆனால் ஆவணப்படுத்துவது வேறு, சொத்தைப் பல்லை அடைப்பது வேறு. அடைப்பதற்கு அந்தக் கதை எனக்குத் தெரிய வேண்டியதில்லை. நாற்காலியைப் பாதிதான் சாய்க்கிறேன். தொடுவதற்கு முன் கேட்கிறேன். கருவியைக் காட்டி, அது போடும் சத்தத்தையும் முதலில் கேட்கவிடுகிறேன். வாயில் தண்ணீர் தேங்குவதற்குள் உறிஞ்சி எடுத்துவிடுகிறேன். கதவு திறந்தே இருக்கும். அவர் கை தூக்கினால், பாதி வேலையானாலும் நிறுத்துகிறேன். இதையெல்லாம் வருகிற எல்லோருக்கும் செய்யலாம், யார் எதைச் சுமந்துகொண்டு வருகிறார்கள் என்று கேட்காமலே. ‘அறிந்த’ என்று பெயர் வைத்தால் அந்த மூத்தவரைப் போலத் தோண்டிக் கேட்பதுதான் முறை என்று படித்துவிடுவார்கள்.

அதனால் ‘கருதிய’. ‘பயணிகளின் பாதுகாப்பு கருதி’ என்று பேருந்து நிலையத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு நடப்பது என்ற பொருள் எல்லோருக்கும் பழகியது.

உளவடு கருதிய பல் மருத்துவம்.

எங்கள் உதவியாளர், குடியாத்தத்துப் பெண், அவரிடம் விளக்கம் சொல்லாமல் சொல்லை மட்டும் காட்டினேன். “மனசுல கீற வடுவ நெனச்சிக்கினு வைத்தியம் பண்றது, அதானே மேடம்?” என்றார்.

> ஒரு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

வேண்டும் ஐயா. ‘அகதிகள் முகாம்’ என்றிருந்ததை 2021இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று அரசு மாற்றியது. அந்த ஆண்டு நவம்பரில் அவர்களுக்கு வீடு கட்டும் திட்டம் இங்கே, வேலூர் பக்கத்து மேல்மொணவூரில்தான் தொடங்கியது. பெயர் மாறியதும் வாழ்க்கை மாறிவிடாது. ஆனால் மருத்துவமனைச் சீட்டில் ‘அகதி’ என்று எழுதுவதைப் பார்த்து முகம் சுருங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆங்கில ‘survivor’க்கு ‘மீண்டவர்’ என்ற சொல்லும் எனக்கு முழுக்க ஒப்பவில்லை. எல்லோரும் மீண்டுவிடவில்லை. வேறு சொல் கிடைக்கும்வரை கையேட்டில் ‘சித்திரவதைக்கு ஆளானவர்’ என்றே எழுதுகிறேன்.

இன்னொன்றுக்கும் உங்கள் உதவி வேண்டும். நோயாளி கை தூக்கி நிறுத்தச் சொல்கிறாரே, அந்தச் சைகைக்கு ‘நிறுத்துகுறி’ என்று போட்டிருக்கிறேன். பேசும்போது நாக்கில் தடங்குகிறது. ‘கைக்குறி’ போதுமா?