நோக்குநிலை நழுவுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சிறுகதையின் கூறுகளைப் படித்து வருகிறேன். களம், பாத்திரம், முரண் எல்லாம் ஓரளவு பிடிபட்டுவிட்டன. நோக்குநிலையில்தான், அதாவது கதையை யாருடைய பார்வையில் சொல்வது என்பதில்தான், சிக்கிக்கொண்டேன்.

நான் எழுதும் கதை படர்க்கையில், மகளின் பார்வையில் போகிறது. அப்பா ஒரு கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறார். அடுத்த வரியில் "அவருக்கு வெட்கமாக இருந்தது" என்று எழுதிவிட்டேன். அவர் மனசில் இருப்பது மகளுக்கு எப்படித் தெரியும்? விரல் நடுங்கியதை மட்டும் காட்டினால் போதுமா? இல்லை, எல்லாம் அறிந்த கதைசொல்லிக்கு முழுக்க மாறிவிடலாமா? முதல் வழிதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், அப்பா அந்தக் கடிதத்தை மறைப்பதும் மகள் அதைக் கண்டுபிடிப்பதும் கதைப்பின்னல். அன்பினாலேயே சிலவற்றைச் சொல்லாமல் விடுவது கதைக்கரு. இந்தப் புரிதல் சரியா? எழுதிப் பழகியவர்கள் தங்கள் கதையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டோடு விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.